ஜெபிச்சுட்டுச் சொல்றேன்

எங்கள் சபையில் எனக்கு 'மைக் அக்கா' என்று பெயர். நானாக வைத்துக்கொண்டது இல்லை, ஜெபிக்க மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்று பின்வரிசை வாலிபர்கள் வைத்தது. கிண்டல்தான் என்று தெரிந்தும் உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லுவானேன். ஆனால் நான் சொல்ல வந்தது காஜாவைப் பற்றி. நடுநடுவே நானும் வருவேன். நான் செய்த காரியம் அப்படி, வராமல் தப்பிக்க முடியாது.

காஜா என்பது அவள் பெயர் அல்ல. சட்டையில் பொத்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதைத் தையல் வேலைக்காரர்கள் காஜா என்பார்கள். நாங்கள் வேலை செய்கிற கார்மென்ட்ஸில் இரண்டாவது லைனில் காஜா மிஷினில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். ஞானஸ்நானத்தில் கொடுத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவு எடுக்கும்போது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த மிஷினில் யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. துணியைச் சரியான இடத்தில் வைத்து மிதித்தால் ஊசி ஒரு சுற்றுச் சுற்றி ஓரம் தைக்கும், அடுத்த கணம் குட்டிக் கத்தி ஒன்று இறங்கி நடுவில் கிழிக்கும். மற்ற தையல் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். காஜா தப்பினால் சட்டை போச்சு. ஒரு சட்டைக்கு முன்பக்கம் ஏழு, கைக்கு ஒவ்வொன்று, ஆக ஒன்பது தடவை அந்தக் கத்தி இறங்கும். ஒன்பது தடவையும் சரியாக இறங்க வேண்டும்.

நான் அதே லைனின் கடைசியில் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, குறை இருந்தால் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் குறையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அதனாலேயே தன் முதுகு தனக்குத் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது. காஜாவின் பீஸில் நான் ஸ்டிக்கர் ஒட்டியது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். மற்ற லைன்களில் அது ஒரு நாள் கணக்கு.

அவள் புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு வீட்டோடு இருக்கிறார். சமையல் அவர்தான். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இளையவள் லேப் டெக்னீஷியன் படிப்பு. மதியம் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்ததும் காஜா சொல்லுவாள், "இன்னைக்கும் உப்பை மறந்துட்டாரு. கல்யாண நாளையே மறக்கற மனுசன், உப்பை மட்டும் ஞாபகம் வச்சுக்கவா போறாரு." சொல்லிவிட்டுப் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவாள். யார் என்ன குறை சொன்னாலும் அந்த டப்பாவை அவள் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் சபையின் பக்கத்து அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பதினான்கு பேர் உட்காருவோம். வரிசையாக ஒவ்வொருவரும் சத்தமாக ஜெபிக்க வேண்டும். காஜாவின் முறை வந்தால் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் "ஆமென்" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, வாயத் திறந்து நாலு வார்த்தை ஜெபம் பண்ணா முத்தா உதிர்ந்துடும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"காலையில இருந்து மிஷின் சத்தத்துல அவர்கிட்டதான்க்கா பேசிக்கிட்டிருக்கேன். சாயங்காலம் வந்து மறுபடியும் கத்துனா, 'இப்பதானேம்மா சொன்னே'ன்னு கேக்க மாட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள், 'பாவம், ஜெபத்தில் வல்லமை இல்லை' என்று அவள்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

வல்லமை என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது யோசித்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொண்டை கம்ம வேண்டும். நெற்றியில் வேர்வை வழிய வேண்டும். நான் ஒரு வரி சொன்னால் சபை முழுக்க "ஆமென்" என்று எழும்ப வேண்டும், யாராவது ஒருத்தியாவது விசும்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை ஆமென் வருகிறது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். கடவுளிடம் பேசுகிறவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இதில் என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. என் பையன் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வாலிபர் கூட்டத்தில் அவன் எதிரிலேயே, அவன் குடிக்க ஆரம்பித்ததைச் சொல்லி அழுது ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து கேட்டான், "நீ கடவுள்கிட்ட சொல்றியா, ஊருக்குச் சொல்றியாம்மா?" மறுவாரம் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனவன்தான். சபையில் நான் சொல்லிவைத்திருந்ததோ, ஊழியத்துக்குப் பயிற்சி எடுக்கப் போயிருக்கிறான் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உண்மை தெரிந்தவள் காஜா ஒருத்திதான். ஒரு மதியம் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன், என்னவென்று கேட்டாள், கொட்டிவிட்டேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

அந்த நம்பிக்கையில்தான் அவளும் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் கை கழுவும்போது மெல்லச் சொன்னாள். "அக்கா, இடது கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. டாக்டர்கிட்ட போனேன், புரைன்னு சொல்றாரு. இளையவளுக்குப் பரீட்சை முடியட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். வேலைக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. ஆனா லைன்ல தெரிஞ்சா மிஷின்ல இருந்து எறக்கிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க ஜெபத்துல மட்டும் வச்சுக்கோங்க."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்" என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கடவுளிடம்தான் சொன்னேன். நூற்றைம்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கப் பாஸ்டர் என்னிடம் மைக்கைக் கொடுத்தார். ஆரம்பித்தேன். என்னவோ அன்றைக்கு எடுபடவில்லை. மூன்று நான்கு ஆமென்தான் வந்தது, அதுவும் தூங்கி வழிந்தது. கையில் கிடைத்ததை எடுத்தேன்.

"ஆண்டவரே, இரண்டாவது லைனில் காஜா போடுகிற உம்முடைய மகளைப் பாரும். இடது கண் இருண்டுபோயிற்றே. நூல் எது துளை எது என்று தெரியாமல் தடவித் தடவி வேலை செய்கிறாளே. அந்தக் கத்திக்கு முன்னால் குருடியைப் போல உட்கார்ந்திருக்கிறாளே, ஐயா."

ஆமென் எழும்பியது. கூரை அதிர்ந்தது. யாரோ விசும்பினார்கள். நான் இன்னும் ஐந்து நிமிஷம் ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது மூன்றாவது வரிசையில் காஜா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் எங்கள் லைன் சூப்பர்வைசர், சின்னப் பையன், அவனும் எங்கள் சபைதான், உருக்கமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே அவளை மிஷினிலிருந்து எழுப்பிவிட்டார்கள். வேறு லைனிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்து, காஜாவை நூல் வெட்டுகிற வேலைக்கு அனுப்பினார்கள். தைத்த சட்டையில் தொங்குகிற பிசிறுகளைக் கத்தரிப்பது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை அது. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்களைத்தான். சூப்பர்வைசரிடம் போய், "ஏன் தம்பி இப்படி" என்று மென்று விழுங்கினேன்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, தடவித் தடவி வேலை செய்றாங்கன்னு. கத்தி எறங்கற மிஷின். விரல் போனா நான்தானே பதில் சொல்லணும்?"

அவன் மேல் என்ன தப்பு? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, கெட்டது இன்னொருத்தி.

மதியம் குழாயடியில் காஜா வந்து நின்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"கொஞ்சம் மங்கலா இருக்குன்னுதானேக்கா சொன்னேன். தடவித் தடவின்னு நான் சொல்லவே இல்லையே."

நான் குழாயைத் திறந்தேன், மூடினேன்.

"மாசக் கடைசியில லைன் லிஸ்ட் போட்டுருவாங்க. அதுல அந்த மிஷினுக்கு வேற பேர் வந்துருச்சுன்னா அப்புறம் மாறாது. மேனேஜர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என் பீஸ் எல்லாத்தையும் நீங்கதானே பாக்கறீங்க. தப்பு ஏதும் கூடியிருக்கா?"

"இல்லடி."

"அதைச் சொல்லுங்க. போதும்."

அதற்கு நான் சொன்னேன், "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்டி."

எங்கள் ஆட்களுக்கு இந்த வார்த்தையின் அருமை தெரியும். ஞாயிறு பள்ளிக்கு ஆள் கேட்டால், யாராவது உதவிக்குக் கூப்பிட்டால், பிடிக்காத சம்பந்தம் வந்தால், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். மாட்டேன் என்று சொன்ன பழி நமக்கு வராது, கடவுள் தலையில் போய் விழும். எதிர்த்து யாரும் பேசவும் முடியாது. காஜாவும் இருபது வருஷம் சபைக்கு வருகிறவள், அவளுக்குத் தெரியாதா? "சரிக்கா" என்று சொல்லிப் போனாள்.

ஜெபித்தேனா? முழங்காலில் நின்றது உண்மை. என்ன கேட்பது? மேனேஜரிடம் போகலாமா வேண்டாமா என்றா? அதற்குப் பதில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருஷமாக வல்லமையைத் தாரும், வல்லமையைத் தாரும் என்று மேலே பார்த்துத் தொண்டை கிழியக் கேட்டவள் நான். கீழே என் கையில் ஒன்று இருந்தது. செக்கிங்கில் நான் சொன்னால் சொன்னதுதான், மேனேஜர் மறுபேச்சுப் பேச மாட்டார். அதை எடுத்து ஒருத்திக்காகப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை. அவள் வேலையில் குறையே இல்லை என்று நான் சொன்னால், அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொன்னது என்ன என்று கேட்பார்கள். பொய் என்று சொல்ல வேண்டிவரும். அடுத்த மனுஷியிடம் சொன்ன பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடவுள் முகத்துக்கு நேராகச் சொன்ன பொய், நாலு ஆமெனுக்காக.

ஒன்பது நாள் இழுத்தேன். நூல் வெட்டும் மேஜை என் மேஜைக்கு எதிரே. நான் பார்த்து முடித்த பீஸ் அவளிடம்தான் போகும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு சட்டையை மடித்து என்னிடம் நீட்டினாள். "அக்கா, கைப்பட்டியில ஒரு தையல் விட்டிருக்கு. பாக்காம தள்ளிட்டீங்க." எவ்வளவோ சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் தவறவிட்டதை அவள் பிடித்திருந்தாள். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பினேன். சீ, என்ன ஜென்மம் நீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினேனே தவிர எழுந்து மேனேஜர் அறைக்குப் போகவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை. அன்றைக்கு உபவாச ஜெபம், ஆகையால் பெரிய ஹாலில் கூட்டம், ஐம்பது பேருக்கு மேல். முடிவில் பாஸ்டரம்மா எழுந்து மைக்கைக் கொண்டுபோய் யாரிடமும் கேட்காமல் காஜாவிடம் கொடுத்தார்.

"இன்னைக்கு நம்ம காஜா ஜெபம் பண்ணி முடிக்கட்டும். உனக்காக அக்கா எவ்வளவு பாரத்தோட ஜெபிச்சாங்க, நீ அவங்களுக்காக ஜெபிம்மா. ஒரு வாரமா அவங்க முகமே சரியில்ல. வீட்டுல என்ன பாரமோ."

காஜா எழுந்து நின்றாள். அவள் வாயில் என் பையன் இருக்கிறான், நான் சொல்லித் திரிந்த ஊழியப் பயிற்சி இருக்கிறது, தடவித் தடவி இருக்கிறது. 'ஆண்டவரே, இந்த அக்காவின் மகன் இவர்களோடு பேசி இரண்டு வருஷமாயிற்றே, மனமிரங்கும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஜெபம்தானே. நான் செய்ததைவிட அது ஒன்றும் அதிகம் இல்லை. அதுவாவது உண்மை. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மையாக ஜெபித்தேன் என்று நினைக்கிறேன். 'சொல்லவிடாதேயும்' என்று.

மைக் ஒரு தடவை கீச்சிட்டது. அப்புறம் சொன்னாள்.

"ஆண்டவரே, அக்கா இருக்காங்க. உமக்குத் தெரியும். ஆமென்."

முடிந்துவிட்டது என்றே பாதிப் பேருக்குப் புரியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆமென் வந்தது. பாஸ்டரம்மா சங்கடமாகச் சிரித்து மைக்கை வாங்கிக்கொண்டார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. என்னைத் தரைமட்டமாக்குகிற வார்த்தை அவள் வாய்வரை வந்திருக்கும், அதை அவள் விழுங்கிக்கொண்டாள். முப்பது வருஷம் மைக் பிடித்த எனக்கு அந்தப் பலம் ஒரு நாளும் இருந்ததில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், பிடுங்கித் தின்றது.

மறுநாள் எட்டரை மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். சூப்பர்வைசரும் இருந்தான். அவன் இருக்கட்டும் என்றுதான் போனேன்.

"சார், காஜா மிஷின்ல இருந்தவங்க வேலையில குறை மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல கெடையாது. பதினேழு வருஷமா நான்தான் பாக்கறேன், இப்பவும் அது கூடல. கண்ணுல லேசா புரை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சரியாயிடும். மிஷினை அவங்களுக்கே வைக்கணும்."

சூப்பர்வைசர் குறுக்கிட்டான். "அக்கா, நீங்கதானே மைக்ல..."

"கூட்டிச் சொன்னேன் தம்பி. அவங்க சொன்னது கொஞ்சம் மங்கலா இருக்குன்னு. மீதி எல்லாம் நானா சேத்தது."

மேனேஜர் எங்கள் மதத்துக்காரர் இல்லை. கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார், "ஜெபத்துலயா பொய் சொன்னீங்க?"

"ஆமா சார்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் லெட்டர் வாங்கி வரட்டும், ஆபரேஷன் முடித்து வந்து உட்காரட்டும், லிஸ்டில் அவர்கள் பெயரே இருக்கும் என்றார். மூன்று நிமிஷ வேலை. அதற்குத்தான் நான் ஒன்பது நாள் ஜெபித்தேன்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பதினான்கு பேரிடமும் சொன்னேன், என் பையன் விஷயத்தையும் சேர்த்து. பாஸ்டர் காதுக்குப் போயிற்று. "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கம்மா" என்று மைக்கை வேறொருவரிடம் கொடுத்தார். வாலிபர்கள் இப்போது என்னை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

லிஸ்ட் போட்ட அன்று குழாயடியில் காஜாவைப் பிடித்தேன். "என்னை மன்னிச்சுருடி" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"மன்னிச்சுட்டேன்க்கா. மேனேஜர்கிட்ட போனீங்களே, அது பெரிய விஷயம். மனசுல ஒண்ணும் இல்ல." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா இனிமே எதையும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

சொன்ன சொல் மாறவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். மதியம் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். உப்பைப் பற்றிய கிண்டல் அப்படியே இருக்கிறது. என் டப்பாவிலிருந்து எடுப்பாள், அவள் டப்பாவிலிருந்து போடுவாள். போன மாதம் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. வலது கண்ணுக்கும் ஆபரேஷன் என்பதைச் சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்து, "எப்படிக்கா, சினிமாக்காரி மாதிரி இருக்கேனா?" என்று கேட்டாள். இருக்கேடி என்றேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன். இளையவள் பரீட்சை என்னவாயிற்று, புருஷனுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது, ராத்திரி எதை நினைத்து அவள் விழித்துக்கொண்டு கிடக்கிறாள், எதுவும் எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, காஜா இருக்கா. உமக்குத் தெரியும்" என்பேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.